பொதிக்குதிரை கடைசியாக எப்போது இறங்கியது?

வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கலாம் என்று முடிவானதும், வழிகாட்டி அண்ணனிடம் நான் முதலில் விசாரிப்பது மழையைப் பற்றி அல்ல, யானையைப் பற்றியும் அல்ல. "அண்ணே, பொதிக்குதிரை கடைசியா எப்ப எறங்குச்சு?" என்றுதான் கேட்பேன். "நேத்துக்கூடப் போச்சு சார்" என்றால் ஒரு கணக்கு. "ரெண்டு வாரமாச்சு, மழையில யாரும் கீழ போகல" என்றால் கணக்கே வேறு. தூரம் அதேதான், இறக்கமும் அதேதான். ஆனால் ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு வாரம் குளம்பு படாமல் கிடந்த பாதை, பாதையாக இருக்காது. இரண்டு பக்கத்துச் செடியும் நடுவில் வந்து கோத்துக்கொண்டிருக்கும். ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டுதான் நான் மேற்கொண்டு யோசிப்பேன்.

இந்தப் பாதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் ஊரைத் தாண்டிச் சற்றுத் தள்ளி வட்டக்கானல். அங்கிருந்து டால்பின் நோஸ் பாறை வரைக்கும் சுற்றுலாக் கூட்டம் போகும். வழியெல்லாம் மேகிக் கடை, பிரெட் ஆம்லெட் கடை. பாறை நுனியில் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். திரும்பாமல் இன்னும் இறங்கினால் வெள்ளகவி என்ற ஊர். அதற்கும் கீழே, பழனி மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தில், பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கும்பக்கரை அருவி. புறப்படுவது திண்டுக்கல் மாவட்டம், போய்ச் சேர்வது தேனி மாவட்டம். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் காலை வைத்து, 400 மீட்டரை ஒட்டி வந்து முடிக்கிறோம்.

நான் மதுரைக்காரன். சனிக்கிழமை சாயங்காலம் கொடைக்கானல் பஸ், ஞாயிறு விடியலில் நடை, இரவுக்குள் பெரியகுளத்தில் மதுரை பஸ், திங்கள் காலை பத்து மணிக்கு அலுவலகம். எனக்கு வாய்த்தது இந்த வகை மலைநடைதான். "காட்டுக்குப் போறதே நிதானத்துக்கு, அங்கயும் எதுக்குக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு?" என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு நாள் விடுப்பு கிடைப்பவர்கள் நிதானமாகப் போகட்டும். மாதச் சம்பளக்காரனின் காடு ஒரு பகலுக்குள் அடங்கியாக வேண்டும். அப்படி அடக்குவதற்கு ஒரு கைப்பழக்கம் தேவைப்படுகிறது. மலைநடை பற்றி எழுதுகிறவர்கள் மூடுபனியையும் மௌனத்தையும் எழுதுகிற அளவுக்கு இதை எழுதுவதில்லை.

நெருக்கடி என் அலுவலகத்தால் மட்டும் வருவதும் இல்லை. மாசி பிறந்தால் மலைச்சரிவுப் புல்லெல்லாம் காய்ந்து நிற்கும், தீக்காலம் தொடங்கிவிடும். 2018 மார்ச் 11-ஆம் தேதி இதே தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் பற்றிய தீயில், மலையேறப் போன குழுக்கள் சிக்கிக்கொண்டு 23 பேர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும், ஆள் ஓடுகிற வேகத்தைவிட வேகமாகப் பாயும். அதற்குப் பிறகு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுப் பாதையில் கால்வைப்பது கூடாது என்று விதி இறுகியது. தீக்காலத்தில் பாதைகளை அடைத்தும்விடுகிறார்கள். அதில் எனக்கு முணுமுணுப்பு எதுவும் இல்லை. ஆனால் மழையையும் தீயையும் கழித்தால் மிஞ்சுவது மார்கழி, தை மட்டும். அப்போதுதான் புல் ஆளுயரம் நிற்கும். பகலும் ஆண்டிலேயே அப்போதுதான் குறுகல். டிசம்பர் கடைசியில் இந்தப் பக்கம் ஆறரைக்குச் சூரியன் எழுந்தால் ஆறு மணி தாண்டியதும் விழுந்துவிடும். பதினொன்றரை மணி நேர வெளிச்சம் என்பது ஜூன் மாதத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. அதிலும் தெற்கு முகத்துப் பள்ளங்களுக்குள் ஐந்தேகாலுக்கே கண் மங்கும். காடு திறந்திருக்கிற மாதத்தில் பாதை மூடிக்கிடக்கும், பாதை திறந்து கிடக்கிற மாதத்தில் காட்டை மூடிவிடுவார்கள்.

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். உலகம் முழுக்க மலை நடப்பவர்கள் இன்றும் இதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். இறக்கத்துக்கு அவர் எதுவும் சேர்க்கவில்லை. பின்னால் வந்த எரிக் லாங்முயிர், செங்குத்தான இறக்கம் என்றால் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூட்டச் சொன்னார். எங்கள் பாதையைச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு இந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நான்கு மணி நேரத்தில் கும்பக்கரையில் குளித்துக்கொண்டிருக்கலாம். நடக்காது. நல்ல பாதையாக இருந்தால் ஏழு மணி நேரம், மூடியிருந்தால் எட்டரை. ஸ்காட்லாந்தில் உண்ணிச்செடி கிடையாது.

அதனால் நான் கிலோமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தரையைப் பார்த்துத்தான் நேரம் பிரிக்கிறேன். மண் தெரிகிற இடம் ஒன்று, அதில் சாதாரண நடை. மண் தெரியாவிட்டாலும் பாதை போகிற வாக்குத் தெரிகிற இடம் இரண்டாவது, அதில் பாதி வேகம். இரண்டும் தெரியாத இடம் மூன்றாவது. அங்கே வேகம் என்ற பேச்சுக்கே வேலை இல்லை, நேரம் முழுக்க நிற்பதிலும் தேடுவதிலும் போகும். அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். முதல் வகைப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பத்து நிமிடம் மிச்சம் பிடிப்பார்கள். மூன்றாவது வகையில் நிற்கப் பொறுமை இல்லாமல், ஒரு கொண்டையூசி வளைவைத் தவறவிட்டு நேரே கீழே போவார்கள். திரும்ப ஏறிவந்து வளைவைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், அதோடு தொடையில் இருந்த வலுவும் போயிருக்கும். பகல் குறைவாக இருக்கிற அன்றைக்குத்தான் பாதை மறைகிற இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். கையில் நிறைய நேரம் இருப்பவன் வழிதவறினால் அவனுக்கு ஒரு கதை கிடைக்கும். என்னைப் போன்றவன் தவறினால் இருட்டிவிடும்.

எங்கே நிற்பது? பாதை மறைந்த இடத்தில் நிற்கச் சொல்லவில்லை, அதற்கு ஒரு அடி முன்னால், கடைசியாகச் சந்தேகமில்லாமல் தெரிந்த இடத்தில். குழுவில் ஒருவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வழிகாட்டியும் இன்னொருவரும் மட்டும் இருபது முப்பது காலடி போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். எட்டுப் பேரும் எட்டுத் திசையில் புதரை விலக்கினால் அரை நிமிடத்தில் எட்டுப் புதுப் பாதை உண்டாகிவிடும், பழைய பாதையின் தடம் அதற்குள் மிதிபட்டுப் போகும். இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நின்றுகொண்டிருப்பவருக்குத் தான் சும்மா நிற்பதாகத் தோன்றும். அவர்தான் அந்த நேரத்தில் மிக முக்கியமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்.

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. கண்ணால் தேடாதீர்கள். இரண்டு மாதத்துப் புல், மிதிபட்ட தரையிலும் மிதிபடாத தரையிலும் மேலே ஒன்றுபோலத்தான் தெரியும். காலால் தேட வேண்டும். பல தலைமுறை பொதி இறங்கிய மண் இறுகிப்போயிருக்கும். அதன்மேல் புல் வளர்ந்தாலும் வேர் ஆழம் போவதில்லை. கால் வைத்தால் அடியில் கெட்டியாக நிற்கும். ஒரு சாண் விலகி வைத்தால் மெத்தென்று அமுங்கும், குதிகால் கொஞ்சம் உள்ளே போகும். கரண்ட் போன இரவில் நம் வீட்டு மாடிப்படியைக் கால் எப்படித் தானாகக் கண்டுபிடிக்கிறதோ அப்படித்தான் இதுவும். கையில் இருக்கும் கம்பும் உதவும். பாதைக்கல்லில் தட்டினால் ஒரு சத்தம், இலைச்சருகில் குத்தினால் ஒரு சத்தம். தடித்த அடியுள்ள புது ஷூ போட்டு வருகிறவர்கள் இந்த விஷயத்தில் செவிடர்கள். வெள்ளகவி ஆட்கள் ரப்பர் செருப்போடு நம்மை முந்திப் போவதற்குப் பழக்கம் பாதிக் காரணம். மீதிக் காரணம் அந்தச் செருப்பு.

இன்னொரு தொல்லை, பாதையைப் போலவே இருக்கிற வேறு பாதைகள். காட்டுமாடு போட்ட தடம் நல்ல அகலமாக, சுத்தமாக, கூப்பிடுகிற மாதிரி இருக்கும். பழக்கமில்லாதவர் அதில்தான் இறங்குவார். அது தண்ணீருக்கோ புல்வெளிக்கோ போகும், ஊருக்குப் போகாது. வித்தியாசம் கீழே தெரியாது, மேலே பார்க்க வேண்டும். காட்டுப்பன்றி நுழைந்து நுழைந்து உண்டான வழியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தடுக்காது, இடுப்புக்கு மேலே கொடி மாரைப் பிடித்துத் தள்ளும். பன்றியின் முதுகு உயரம்தான் அந்த வழியின் கூரை. பொதிக்குதிரை போன பாதையில் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் கிளைகளின் நுனி முறிந்து, மழுங்கி, தோல் உரிந்திருக்கும். இரண்டு பக்கமும் தொங்குகிற மூட்டை வருஷக்கணக்காக உரசிய தழும்பு அது. புதுத் தழை அதை மூடியிருக்கும், கையால் விலக்கிப் பார்த்தால் தெரியும். மனிதன் வெட்டிய கிளை சாய்வாக, ஒரே வீச்சில் அறுபட்டிருக்கும். மாடு ஒடித்தது நாராகத் தொங்கும். எங்கள் வழிகாட்டி அண்ணன் கவைத்தடத்துக்கு வந்தால் ஒரு நொடி இரண்டு பக்கத்துச் செடியின் இடுப்பைத்தான் பார்ப்பார், தரையைப் பார்க்கமாட்டார். தப்பான தடத்தின் வாயில் ஒரு தழையை ஒடித்துக் குறுக்கே போட்டுவிட்டு நடப்பார். பின்னால் வருகிறவர்களுக்கு அது பூட்டு.

பாதையைப் போட்டது யார் என்று தெரிந்திருப்பதும் உதவுகிறது. இந்த மலையின் தெற்கு முகத்தில் இரண்டு வகைப் பழைய வழிகள் உண்டு. மோட்டார் சாலை வருவதற்கு முன் கொடைக்கானல் போனவர்கள், அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோட்டில், இறங்கி மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து செண்பகனூர் வழியாக மேலே ஏறுவது நடையாக, குதிரையில், அல்லது நாலு பேர் தூக்கும் டோலியில். பியானோ முதல் பீங்கான் வரை எல்லாம் கூலியாட்கள் தலையிலும் தோளிலும்தான் ஏறின. அந்தப் பாதை அளந்து போட்டது. சுமையோடு ஏறுகிற குதிரைக்கு மூச்சு வாங்காத சரிவு, அகலமான வளைவுகள், பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கிய கரை. முதல் உலகப்போர்க் காலத்தில் லா காட் என்ற மோட்டார் சாலை திறந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போய், காடு எடுத்துக்கொண்டது. வெள்ளகவிப் பாதை அப்படியல்ல. கொடைக்கானல் ஊராகும் முன்பே இருந்த ஊர் வெள்ளகவி என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாதையைப் போட்டது கால்கள். அதனால் அது முகட்டைப் பிடித்துக்கொண்டு நேரே இறங்கும், பாறை வந்தால்தான் வளையும். அளந்து போட்ட பாதை புதருக்குள் மறைந்தால், அதே சரிவில் ஒரு கோடு இழுத்து எதிர்ப் பக்கம் தேட வேண்டும். கால் போட்ட பாதை மறைந்தால் முகட்டின் முதுகைத் தேட வேண்டும். ஒன்றின் விதியை மற்றதற்குப் போட்டால் ஓடையில் போய் விழுவோம்.

ஓடை என்றதும் ஒன்று. வழி தெரியாவிட்டால் ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழனி மலையின் தெற்கு முகத்தில் ஓடையைப் பிடித்தால் அருவியின் தலை வரும். வட்டக்கானல் பக்கம் சோப்பு விளம்பரத்தால் பேர் வாங்கிய அருவியும் பாம்பாறுதான், கீழே கும்பக்கரையும் பாம்பாறுதான். நடுவில் அது எப்படி இறங்கியிருக்கும் என்பதை ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

செல்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கற்காலத்து ஆள் என்பார்கள். முன்னால் போனவர்கள் பதிந்த தடத்தை இறக்கிவைத்துக்கொண்டுதான் நானும் போகிறேன். ஆனால் மடிப்பு மடிப்பான சரிவிலும் அடர்ந்த மரத்தடியிலும் அந்த நீலப் புள்ளி இருபது முப்பது மீட்டர் தள்ளாடும். சமவெளியில் அது பொருட்டில்லை. மலைச்சரிவில் ஒரு கொண்டையூசிக்கும் அதற்குக் கீழுள்ளதற்கும் நடுவே இருப்பதே அவ்வளவுதான். திரை நம்மைப் பாதையில் இருப்பதாகக் காட்டும், நாம் ஒரு மடிப்புக் கீழே புதரில் நின்றுகொண்டிருப்போம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்திலும் ஒரு சமஉயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் இடைவெளி. பதினைந்து மீட்டர் பாறைச் சரிவு ஒன்று அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். நான் பேசியைப் பார்ப்பது முகட்டுக்கு வரும்போது மட்டும், அதுவும் "எவ்வளவு நேரம் பின்தங்கியிருக்கிறோம்" என்று தெரிந்துகொள்ள. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று அதனிடம் கேட்பதில்லை.

உயரத்தைத் தெரிந்துகொள்ள எனக்குச் செடிகள் போதும். மேலே சோலைக்காட்டு ஓரத்தில் பெரணியும், மெக்சிகோவிலிருந்து வந்து இந்த மலையெல்லாம் பிடித்துக்கொண்ட வெள்ளைப்பூக் களையும். அது மென்மையானது, தோளால் தள்ளிக்கொண்டே போகலாம், பனியில் நனைந்து இடுப்புவரை ஈரமாவதுதான் கஷ்டம். அதற்கு நடுவே காஞ்சொறி நிற்கும். முழுக்கைச் சட்டையின் அருமை அப்போது தெரியும். பிறகு காபி, பலா, ஆரஞ்சு நிழல் வந்தால் வெள்ளகவி நெருங்கிவிட்டது. அதற்கும் கீழே உண்ணிச்செடி தொடங்குகிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச்செடியாகத் தோட்டத்துக்கு வந்து, தோட்டத்தை விட்டுக் கிளம்பிய செடி. அதைத் தோளால் தள்ள முடியாது. தண்டெல்லாம் வளைந்த முள், தள்ளினால் சட்டையைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் இன்னும் பிடிக்கும். கம்பைப் படுக்கவாட்டில் பிடித்து, செடியின் நடுத்தண்டுக்குமேல் வைத்து அமுக்கி, அதன்மேல் காலை வைத்துத் தாண்டுவதுதான் வழி. காலை எடுத்ததும் அது வில்லாக நிமிரும். பின்னால் வருகிறவர் ஒட்டிக்கொண்டு வந்தால் முகத்தில் வாங்குவார். எனவே உண்ணிப்புதருக்குள் ஆளுக்கும் ஆளுக்கும் ஒரு கம்பு நீளம், ஒரு கை நீளம் இடைவெளி. வெட்டிக்கொண்டே போகலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். சரணாலயத்துக்குள் வெட்ட நமக்கு உரிமை கிடையாது என்பது இருக்கட்டும், வெட்டுவது அமுக்குவதைவிட மூன்று மடங்கு நேரம் தின்னும். அரைகுறையாக வெட்டிய அடிக்கட்டை கணுக்காலைக் கிழிக்கும்.

வரிசை அமைப்பில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதலில் வழிகாட்டி. இரண்டாவது, குழுவிலேயே மெதுவாக நடப்பவர். பலசாலிகளுக்கு இது பிடிக்காது. ஆனால் மெதுவானவரைக் கடைசியில் விட்டால், முன்னால் போனவர்கள் காத்திருந்து இளைப்பாறுவார்கள், அவர் வந்து சேர்ந்ததும் புறப்பட்டுவிடுவார்கள். அவருக்கு மட்டும் நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது. பிற்பகலில் முழங்கால் மடங்குவது அவருக்குத்தான், மொத்தக் குழுவும் அவரோடு இருட்டும். இரண்டாவதாக விட்டால் வழிகாட்டியின் காலடியைப் பார்த்துத் தன் காலை வைத்துக்கொண்டே வருவார், தேடல் நிறுத்தங்களெல்லாம் அவருக்கு ஓய்வாகும். கடைசி ஆள் அனுபவசாலி, கழுத்தில் விசில். தலை எண்ணுவது அவர் வேலை. சாப்பாட்டுக்கென்று உட்காருவதில்லை. வேர்க்கடலை உருண்டை, பேரீச்சம்பழம், எலுமிச்சைச் சோறு உருண்டை, எல்லாம் சட்டைப்பையிலிருந்து எட்டவேண்டும். முதுகுப்பையைக் கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் எட்டுப் பேருக்குச் சேர்த்து ஏழெட்டு நிமிடம் போகும். ஒரு பகலில் இப்படிப் போகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் வயிற்றெரிச்சல்.

ஒரே ஒரு நிறுத்தத்தைப் பற்றிப் பேரம் பேச முடியாது. வெள்ளகவி ஊர் எல்லையில் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். வீடும் கோயிலும் நெருங்கிக் கலந்து நிற்கிற ஊர் அது. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, வருகிறவர்களும் போடக் கூடாது. நாடா முடிச்சை அவிழ்த்து, ஈரக் காலுறையை உருவி, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து, மறு எல்லையில் திரும்ப மாட்ட இருபது நிமிடம். அவசரத்தில் வருகிறவர்கள் இதை ஒரு இடைஞ்சலாகப் பார்ப்பார்கள். நான் கால அட்டவணையிலேயே எழுதிவிடுகிறேன். நாளெல்லாம் ஷூவுக்குள் இருக்கும் காலை ஒருமுறை வெளியில் எடுத்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. கணுக்காலில் ஒட்டிய அட்டையை உப்பு வைத்து எடுக்கலாம், கொப்புளம் வருகிற இடத்தில் பிளாஸ்டர் ஒட்டலாம், காய்ந்த காலுறைக்கு மாறலாம். கீழ்ப்பாதியை நடக்கப்போவது அந்தக் கால்தானே.

வெள்ளகவியில்தான் நாளின் ஒரே பெரிய முடிவும். நண்பகலுக்குள் வந்துவிட்டால் கீழே இறங்கலாம். ஒரு மணி தாண்டிவிட்டால் இறங்குவதில்லை. வந்த வழியே ஏறுவதும் இருட்டில்தான் முடியும், எனவே ஊரில் கேட்டுத் தங்கிவிட்டு, அலுவலகத்துக்கு ஒரு பொய்யோ மெய்யோ சொல்வதுதான். இந்த எல்லையை மதுரையில் வீட்டில் உட்கார்ந்து, பசியும் வியர்வையும் இல்லாத நேரத்தில், தாளில் எழுதி எல்லோரிடமும் காட்டிவிடுவேன். களைத்த குழு மலைமேல் நின்று ஓட்டெடுத்தால் எப்போதும் "போயிடலாம்" என்றுதான் முடிவு வரும். மேலே மேகம் எழும்புவதும் அந்த நேரத்துக்குத்தான். காலையில் கண்ணாடியாக இருந்த சரிவை நண்பகலில் மேகம் ஏறி மூடும். வடகிழக்குப் பருவத்தின் கடைசி மழை வருவதென்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். வெள்ளகவிக்குக் கீழே உள்ள ஓடைகள் காலையில் கணுக்கால் தண்ணீர், ஒரு மழைக்குப் பிறகு கடக்கிற பேச்சே கிடையாது. மேலே பெய்தால் கும்பக்கரையில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போடுகிற செய்தியைப் பேப்பரில் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் நாம் நடக்கிற சரிவு வழியாகத்தான் போகிறது.

கீழ்ப்பாதியை நான் அதிகம் புகழமாட்டேன். சூடு, முழங்கால் வலி, தைலப்புல் சரிவில் நெற்றிவரை உயர்ந்த தாள்கள் கையை அறுக்கும். மேலே காலையில் கம்பளித்தொப்பி போட்டவன் இங்கே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடுவான், கழற்றக் கூடாது. புல்நுனியில் உண்ணி காத்துக்கொண்டிருக்கும், காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகியிருக்க வேண்டும். பூனைக்காலிக் கொடி காய்த்துத் தொங்கினால் அதன் சுனை பட்ட இடம் இரவெல்லாம் அரிக்கும். அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு என்பதால் கடைசி ஒரு மணி நேரம் வழிகாட்டி பேச்சை நிறுத்தச் சொல்வார், அல்லது சத்தமாகப் பேசச் சொல்வார். எது என்பது அவர் மோந்து பார்ப்பதைப் பொறுத்தது. கேள்வி கேட்காமல் செய்ய வேண்டிய இடம் அது. நாலரைக்கு உசிலை மரங்களும் கள்ளியும் தெரிந்துவிட்டால் மனம் இறங்கிவிடும். நெற்றி விளக்கு எல்லோர் பையிலும் இருக்கும், அது பைக்குள்ளேயே இருந்தால்தான் அன்றைய கணக்குச் சரி.

இந்தப் பாதை இந்த அளவுக்காவது திறந்திருப்பதற்குக் காரணம் எங்களைப் போன்றவர்கள் அல்ல. வெள்ளகவிக்காரர்கள் காபியையும் பலாவையும் எலுமிச்சையையும் குதிரை முதுகில் ஏற்றிக் கீழே கொண்டுபோகிறார்கள், அரிசியும் மண்ணெண்ணெயும் சிமென்ட்டும் அதே முதுகில் மேலே வந்திருக்கின்றன. நோயாளியைத் தோளில் கட்டித் தூக்கிக்கொண்டு போனதும் இதே வழியில்தான். சாலை வேண்டும் என்று அவர்கள் கேட்பது நேற்று இன்றைக்கு அல்ல. சாலை வந்தால் குதிரை குறையும், குதிரை குறைந்தால் இரண்டு மழைக்காலத்தில் பாதை மூடிவிடும். செண்பகனூர்ப் பாதைக்கு மோட்டார் வந்ததும் நடந்தது அதுதான். "பாரம்பரியப் பாதையைக் காப்போம்" என்று பேசுகிற நகரத்து ஆர்வலர்களோடு எனக்கு இதில் ஒத்துப்போகாது. என் ஞாயிற்றுக்கிழமைக்காக இன்னொருவர் வீட்டுப் பிரசவ வலி மலை இறங்க வேண்டியதில்லை.

போன தைமாதம் கும்பக்கரைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வழிகாட்டி அண்ணனிடம் இதைச் சொன்னேன். ரோடு வந்துட்டா இந்தப் பாதை போயிருமேண்ணே, உங்களுக்கு வருத்தமா இருக்காதா என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ரோடு வரட்டும் சார் மொதல்ல. ஒங்களுக்குப் பாதை வேணும்னா ஃபாரஸ்ட்ல எழுதி வாங்கிட்டு வாங்க. வருசத்துக்கு ஒருக்கா, மழை விட்ட ஒடனே, எங்க ஊர்ல நாலு பேருக்குக் கூலி குடுங்க. சுத்தமா எடுத்துத் தாரோம்" என்றார்.

மதுரை பஸ்ஸில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாலு ஆள், ஆறு நாள், சாப்பாடு. எங்கள் குழுவில் தலைக்கு வருஷச் சந்தா வாங்கினால் கட்டுபடியாகிற தொகைதான். விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. பாதை தொடங்குவது ஒரு மாவட்டம், முடிவது இன்னொரு மாவட்டம்.